மாப்பிள்ளை தின்ற கோழி

சீட்டு குலுக்கிப் போட்டதில் பீட்ரூட்டுக்கு வந்த சீட்டில் ‘பழையபடி’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அவள் குதித்த குதியில் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா கட்டாயம் ஒருதரம் அண்ணாந்து பார்த்திருப்பார்.

“கோழி எனக்கு! மீன் எனக்கு! முட்டையும் எனக்கு! நீங்க ரெண்டு பேரும் இலை தழையைப் போட்டு மெல்லுங்கடி!”

“ரொம்ப ஆடாதே,” என்றாள் டீச்சரம்மா. “நீ எப்பவும் போல தின்னணும், அவ்வளவுதான் உன் வேலை. உன்னை வச்சுத்தான் எங்களுக்கு என்ன மாறியிருக்குன்னு பார்க்கப்போறோம்.”

“தின்னுறதுதான் வேலைன்னா, அதை என்னைவிட ஒழுங்கா செய்ய இந்தத் தெருவுலயே ஆளில்ல.”

மூன்று பேரும் ஆய்வகப் படிப்பு படிக்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் நம் கையைப் பிடித்து, நரம்பைத் தடவிப் பார்த்து, ‘லேசா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்’ என்று வாய்கூசாமல் பொய் சொல்லி ரத்தம் எடுப்பார்களே, அந்த வேலைக்கு. படிப்பு முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஒரு மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து இருந்தார்கள்.

டீச்சரம்மா ஒன்றும் டீச்சர் இல்லை. பல் விளக்குவதற்குக்கூட நாலு விதி சொல்வாள், அதனால் அந்தப் பேர். சுண்டெலி என்றால் சுண்டெலியேதான். சின்ன உடம்பு, சின்னக் குரல், அறைக்குள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் கையில் ஊசி கொடுத்தாலும் கரண்டி கொடுத்தாலும் அவளை மிஞ்ச ஆளில்லை. பீட்ரூட்டுக்கு அந்தப் பேர் அவள் காதால் வந்தது. வெட்கப்பட்டாலும் பொய் சொன்னாலும் இரண்டு காதும் மடலோடு சிவந்துபோகும். அப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எதை மறைக்க முடியும், சொல்லுங்கள்.

கறி, மீனை விட்டால் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இறங்கும் என்று வகுப்பில் ஒரு பேச்சு வந்தது. புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பானேன், நம்ம ரத்தம்தான் நம்மகிட்டயே இருக்கே என்று டீச்சரம்மா கிளப்பிவிட்டாள். ஒரு மாதம். சீட்டில் சுண்டெலிக்குச் சைவம் வந்தது, பாலும் முட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். டீச்சரம்மாவுக்கு வீகன், பால், முட்டை, தேன், மிருகம் சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. பீட்ரூட் பழையபடி. மாதம் முடிந்ததும் டீச்சரம்மா அதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லப்போகிறாள்.

கல்லூரி ஆய்வகத்தில் முதல் ரத்தம் எடுத்தது சுண்டெலி. நாற்காலியில் பீட்ரூட்டை உட்காரவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கேட்டாள்:

“உங்க பேர் சொல்லுங்க.”

“ஏன்டி, காலையில என் சோப்பை எடுத்துக் குளிச்சியே, அப்ப தெரிஞ்ச பேரு இப்ப மறந்துபோச்சா?”

“முழுப் பேர் சொல்லுங்க. பிறந்த தேதி சொல்லுங்க.”

“விளையாடாதடி, ஊசியைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்குது.”

“சொன்னாத்தான் எடுப்பேன்.”

அது அவர்கள் தொழிலின் சட்டம். ரத்தம் கொடுக்கிறவர் தன் வாயால் பேர் சொல்லணும்; அந்தப் பேர் எழுதின துண்டை அவர் கண் முன்னாலேயே குழாயில் ஒட்டணும்; அப்புறம்தான் அடுத்த ஆள். போன வருஷம் ஒருநாள் சுண்டெலி அவசரத்தில் இரண்டு குழாயில் பேரை மாற்றி ஒட்டிவிட்டாள். ஆய்வக மேடம் அந்த இரண்டு குழாயையும் வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டி, “இது ஆஸ்பத்திரியா இருந்தா ஒருத்தர் வியாதி இன்னொருத்தர் தலையில விழுந்திருக்கும்” என்று சொன்னார். அன்றைக்கு அழுத அழுகை. அதிலிருந்து பெற்ற தாய் வந்து கையை நீட்டினாலும் சுண்டெலி பேர் கேட்காமல் ஊசி எடுப்பதில்லை. பீட்ரூட் முழுப் பேரையும் பிறந்த தேதியையும் சொன்னாள். சுண்டெலி ஒட்டினதைப் பார்த்தாள். “ஐயோ!” என்று ஒரு கத்து கத்தினாள். ஊசி இன்னும் குத்தியே இருக்கவில்லை.

டீச்சரம்மா வீட்டில் விதிகள் போட்டாள். அலமாரியை நாடா ஒட்டி மூன்றாகப் பிரித்தாள். பாத்திரம் தனி, கரண்டி தனி. கடைசியில் ஒரு விதி சொன்னாள்.

“கறி வாசனை வந்தா என் மனசு ஆடும். அதனால பீட்ரூட்டு, நீ சமையலறையிலயே சாப்பிட்டுக்கோ. கதவைச் சாத்திக்கோ.”

“ஓ, தாராளமா! ராணி மாதிரி தனியா உக்காந்து சாப்பிடுவேன்.”

முதல் வாரம் ராணிதான். கோழியை வறுத்தாள், மீனைப் பொரித்தாள், முட்டையை உடைத்து ஊற்றினாள். கதவின் அடியில் வாசனையை ஊதிவிட்டு, “எப்படிடி இருக்கு?” என்று கத்தினாள். “சாத்துடி அந்தக் கதவை!” என்று அந்தப் பக்கமிருந்து செருப்பு வந்து கதவில் விழுந்தது.

அப்புறம்தான் ஆரம்பித்தது வினை.

முன்னேயெல்லாம் மூன்று பேரும் அந்தச் சின்ன மேஜையில் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்தி தட்டில் இன்னொருத்தி கை போகும். ‘என்னுதுல ஏன்டி கை வைக்குறே’ என்பதும், ‘ருசி பார்த்தேன்’ என்பதும், ஆய்வக மேடம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சிக் காட்டுவதுமாக ஒரே கூத்து. இப்போது அந்தச் சிரிப்பெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். பீட்ரூட் ஒற்றைப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் வெவ்வேறு ஷிஃப்டில் வேலைக்குப் போகிறவர்கள். சின்ன வயசு முழுக்கத் தட்டும் தானுமாக உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அந்த மேஜை என்னவாக இருந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கோழிக்காலைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து மென்றாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் தொண்டையில் இறங்கவில்லை.

மேஜைக்கு வரட்டுமா என்று கேட்கவும் வழியில்லை. ‘நான்தான் கறி தின்பேன்’ என்று குதித்தது யார்? அவள் விலகிவிட்டால் எதோடு எதை ஒப்பிடுவது? வகுப்பில் எதைச் சொல்வது?

ஒரு மத்தியானம் சுண்டெலி பயறும் காளானும் கீரையும் போட்டு ஒன்று சமைத்து, இறக்குமுன் ஒரு துண்டு வெண்ணெயைப் போட்டுக் கிளறி, தன் பங்கை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டாள். பானையில் பாதிக்கு மேல் மிச்சம். அவளுக்கு அளவாகச் சமைக்கவே வராது. கை சின்னது, சமைப்பது பந்திக்கு. பீட்ரூட் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். சும்மா ருசி பார்க்கத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் சுண்டெலி எதைத் தின்கிறாளோ அதைத்தான் இந்தப் பக்கம் தானும் தின்கிறோம் என்று தோன்றியது. அந்த நினைப்பே என்னவோ மேஜையில் கூட உட்கார்ந்த மாதிரி இருந்தது. இன்னொரு கரண்டி. அப்புறம் பானையின் அடி தெரிந்தது.

வறுத்த கோழி தட்டில் அப்படியே கிடந்தது. அதை என்ன செய்ய? குப்பையில் போட்டால் டீச்சரம்மா பார்ப்பாள். அவளுக்குக் குப்பைக்கும் விதி உண்டு.

ஜன்னலில் ‘மியாவ்’ என்றது.

அது வீட்டுக்காரம்மாவின் கடுவன் பூனை. வேளாவேளைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடும், சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்கும், ஒரு வேலையும் செய்யாது, நல்ல நாற்காலியாகப் பார்த்துத் தூங்கும். அதனால் வீட்டுக்காரம்மா அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார். பின்படிக்கட்டு வழியாகச் சமையலறை ஜன்னலுக்கு வருவது அதற்குப் பழக்கம். பீட்ரூட் கோழியை நீட்டினாள். மாப்பிள்ளை ஒருதரம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்கிற மாதிரி சாப்பிட்டது.

அதிலிருந்து தினமும் அதேதான். பீட்ரூட் கோழியோ மீனோ வாங்குவாள், வாசனை தூக்கலாகச் சமைப்பாள், கதவைச் சாத்துவாள். கோழி மாப்பிள்ளைக்கு, பானை இவளுக்கு. சுண்டெலி ஒருநாள் பட்டாணியும் உருளைக்கிழங்கும், ஒருநாள் பூசணியும் கொண்டைக்கடலையும் சமைத்தாள். பானை எப்போதும் பெரிதாகத்தான் இருந்தது.

அம்மா போன் பண்ணினாள்.

“அந்தப் பிள்ளைங்களோட சேர்ந்து நீயும் புல்லைத் தின்னுட்டுக் கிடக்காதே. உடம்பு என்னத்துக்கு ஆகும்? கோழி கீழி வாங்குறியா இல்லையா?”

“தினமும் வாங்குறேன்மா.”

“நல்லா வறுக்குறியா?”

“மொறுமொறுன்னு வறுக்குறேன்மா.”

ஒன்றுகூடப் பொய் இல்லை. இருந்தும் காது கொதித்தது. போனில் காது தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

மாதம் முடியும் சமயத்தில் ஒரு சாயங்காலம் வீட்டுக்காரம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

“ஏம்மா பொண்ணுங்களா, மாப்பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் வைக்கிற மீனை மோந்து பார்த்துட்டு என் மூஞ்சியைப் பார்க்குது, இதான் விருந்தான்னு கேக்குற மாதிரி! ஒரு வாய் தொடல. ஆனா உடம்பு மட்டும் உருண்டு திரண்டு நிக்குது. வீக்கமா இருக்குமோ? மிருக டாக்டர்கிட்ட நாளைக்கு வரேன்னு சொல்லிவச்சிருக்கேன். நீங்க ஏதாச்சும் போட்டீங்களா?”

“நானும் சுண்டெலியும் கறியே தொடுறதில்ல ஆன்ட்டி,” என்றாள் டீச்சரம்மா. “இவ ஒருத்திதான் தின்னுறா. இவ எலும்பைக்கூட விட்டுவைக்க மாட்டா. பூனைக்கு எங்க போடப்போறா?”

பீட்ரூட்டுக்கு இரண்டு காதும் எரிந்தன.

“என்னம்மா, காதெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு?” என்றார் வீட்டுக்காரம்மா.

“அடுப்புச் சூடு ஆன்ட்டி,” என்றாள் சுண்டெலி, கீரையை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல்.

மறுநாள் காலையில் இரண்டாம் முறை ரத்தம். சுண்டெலி மறுபடி பேர் கேட்டாள், பிறந்த தேதி கேட்டாள், கண் முன்னால் ஒட்டினாள். மத்தியானம் முடிவோடு டீச்சரம்மா வீட்டுக்கு வந்து, “ரெண்டு பேரும் வாங்கடி, உக்காருங்க” என்று மேஜையைத் தட்டினாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். எத்தனை நாளைக்கு அப்புறம்! முழங்கை இடித்தது. பீட்ரூட்டுக்கு அந்தச் சந்தோஷத்தில் காகிதத்தில் என்ன இருக்கும் என்கிற யோசனையே வரவில்லை.

டீச்சரம்மா படித்தாள். முகம் மாறியது. மறுபடி படித்தாள்.

“சுண்டெலிக்கு கொழுப்பு இறங்கியிருக்கு. சரி. பீட்ரூட்டுக்கும் நல்லா இறங்கியிருக்கு. எனக்கு...” நிறுத்தினாள். “எனக்கு ஏறியிருக்கு.”

“கோழி தின்னவளுக்கு இறங்குமா? பால்கூடத் தொடாதவளுக்கு ஏறுமா?” டீச்சரம்மா காகிதத்தைக் கீழே வைத்தாள். “எங்க ரெண்டு பேர் குழாயும் மாறிடுச்சு. சுண்டெலி, நீ மறுபடியும் மாத்தி ஒட்டிட்டே.”

“இல்லடி.”

“போன வருஷமும் இல்லடின்னுதான் சொன்னே.”

“இந்தத் தடவை இல்லடி, சத்தியமா...” சுண்டெலியின் குரல் பாதியில் நின்றுவிட்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“அழாதே. நான் உன்மேல பழி போடணும்னு சொல்லல. ஆனா மேடம்கிட்ட சொல்லாம மறுபடி ரத்தம் எடுக்க முடியாது. சொல்லித்தான் ஆகணும்.”

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்களில் சுண்டெலி பேர்தான் முதலில் இருந்தது. இரண்டாம் முறை பேர் மாற்றி ஒட்டினாள் என்று மேடம் காதில் விழுந்தால் அந்தப் பேரை அடித்துவிடுவார். மேஜையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும்.

பீட்ரூட் மேஜையைப் பார்த்தாள். இப்போதுதான் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் இந்த இடம் போய்விடும்; ஒரு மாத உழைப்பைப் பாழாக்கினவளை யார் பக்கத்தில் உட்காரவைப்பார்கள்? திறக்காவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுகிறவளின் பிழைப்பில் மண் விழும். காது பற்றிக்கொண்டு எரிந்தது.

“மாறல,” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பேர் கேட்டா, என் வாயால சொன்னேன். என் கண்ணு முன்னால ஒட்டினா. உனக்கும் அப்படித்தானே ஒட்டினா? குழாய் மாறல. நான்தான் மாறிட்டேன்.”

“என்னடி உளர்றே?”

“என் கோழியை நான் தின்னலடி.”

“பின்னே யாரு தின்னா?”

“மாப்பிள்ளை.”

டீச்சரம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. “எந்த மாப்பிள்ளை?” என்று கேட்டுவிட்டு, புரிந்ததும் வாயைப் பிளந்தாள். “ஒரு மாசமாவா?”

“முதல் வாரம் நான்தான் தின்னேன். அப்புறம் சுண்டெலி பானையிலருந்துதான் தின்னேன். பயறு, பட்டாணி, பூசணிக்கா, எல்லாம்.”

“ஏன்டி? உனக்கு இருந்ததே ஒரு வேலை, தின்னுற வேலை! அதைக்கூட உன்னால...”

“தனியா தின்ன முடியலடி.” பீட்ரூட் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். “நீங்க இங்க சிரிக்குறீங்க, நான் அங்க சுவத்தைப் பார்த்து எலும்பைக் கடிக்குறேன். எனக்கு இறங்கல. நீங்க தின்னுறதையே தின்னா இங்க உக்காந்த மாதிரி இருந்துச்சு. தப்புதான். உன் சோதனையைக் கெடுத்துட்டேன். என்னை என்ன வேணா சொல்லு, மேடம்கிட்ட என் பேரைச் சொல்லு. அவளை விடு.”

கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னது யார் என்று நினைத்தாளோ என்னவோ, டீச்சரம்மா சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், விட்ட இடத்தில் பிடிக்கிறவள் போல, “சரி, நீ ஒழிஞ்சே. எனக்கு ஏன் ஏறுச்சு? நான் ஒரு சொட்டுப் பால் தொட்டிருப்பேனா?” என்றாள்.

சுண்டெலி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், அலமாரியில் டீச்சரம்மாவின் பங்கைத் திறந்தாள். வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலம் ஒன்று தானாகவே கீழே குதித்தது. பின்னாலேயே இன்னொன்று. உள்ளே தேங்காய்க் கிரீம் பிஸ்கட், எண்ணெயில் பொரித்த வாழைக்காய் வில்லை, மறுபடியும் உருளைக்கிழங்கு.

“இதுல பால் இல்ல, முட்டை இல்ல, தேன்கூட இல்லடி!” என்று டீச்சரம்மா எழுந்து நின்றாள். “ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் படிச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன்!”

“எண்ணெய் இருக்கே,” என்றாள் சுண்டெலி, மெதுவாக.

“எண்ணெய் செடியிலருந்துதானே வருது?”

“ஆமா. அதான் உனக்கு மெல்ல ஒரு இலைகூடத் தேவைப்படல,” என்றாள் பீட்ரூட்.

அவ்வளவுதான். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. டீச்சரம்மா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள்; முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். “எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமேடி, பாவிங்களா,” என்றாள். தலையை நிமிர்த்தி, சுண்டெலியின் கையைப் பிடித்தாள். “மாத்தி ஒட்டினேன்னு சொல்லிட்டேன்டி. தப்பு. மனசுல வச்சுக்காதே.”

“பரவால்லடி.” சுண்டெலி பீட்ரூட் பக்கம் திரும்பினாள். “எனக்குத் தெரியும், நீ தின்னுறேன்னு.”

“என்னது?”

“பானை தினமும் தானா காலியாகுமா? நான் கேக்கல. கேட்டா வெட்கப்பட்டு நிறுத்திடுவே. அதான் இன்னும் ஒரு பிடி சேர்த்துப் போட்டேன்.”

“அப்ப இன்னிக்கு இவ உன்னை அந்தப் பேச்சு பேசுறப்ப ஏன்டி சொல்லல?”

“நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். உன் காதைத்தான் பார்த்துட்டு இருந்தேன். இன்னும் கொஞ்சம் நேரமாயிருந்தா வெடிச்சிருக்கும்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் வீட்டுக்காரம்மா. இடுப்பில் பெரிய தலையணை மாதிரி மாப்பிள்ளை. “டாக்டர்கிட்ட கிளம்பிட்டேன், ஒருத்தி கூட வாங்கம்மா, ஒத்தையில இதைத் தூக்க முடியல” என்று சொல்லி முடிக்கவில்லை, மாப்பிள்ளை அவர் இடுப்பிலிருந்து தொப்பென்று குதித்து, நேராகப் பீட்ரூட்டின் காலடியில் போய் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன என்று கேட்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தது.

வீட்டுக்காரம்மா பூனையைப் பார்த்தார். பீட்ரூட்டைப் பார்த்தார். அவள் காதைப் பார்த்தார்.

“அடுப்புச் சூடாமே?”

பீட்ரூட் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டுவார் என்று பார்த்தால், நெஞ்சில் கை வைத்து, “அப்ப வீக்கம் இல்லையா? வெறும் கொழுப்புதானா?” என்று நாற்காலியில் சாய்ந்தார். அப்புறம்தான் திட்டினார். “என் மாப்பிள்ளையை இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்களே! நாளையிலருந்து நான் வைக்கிற மீனை எவன் தின்பான்? எலும்பைக்கூட விடமாட்டான்னு ஒருத்தி எனக்கே கதை சொன்னாளே!” டீச்சரம்மா சட்டென்று தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டாள்.

அவர் போனதும் டீச்சரம்மா சொன்னாள்: “வகுப்புல நடந்ததை நடந்தபடியே சொல்லப்போறேன். விதி எல்லாம் சரியா இருந்துச்சு, வயித்துக்குத்தான் தெரியல. சிரிச்சா சிரிக்கட்டும்.” சொல்லிக்கொண்டே அலமாரியில் ஒட்டியிருந்த நாடாவைச் சரக்கென்று உரித்து உருட்டினாள். சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு செடித்தொட்டியை அதன்மேல் வைத்துவிட்டாள்.

“கோழி?” என்றாள் சுண்டெலி.

“வேணாம்டி. எனக்கு இப்ப உன் பானைதான் பிடிச்சிருக்கு,” என்றாள் பீட்ரூட். “பிறகு ஆசை வந்தா மேஜையிலயே உக்காந்து தின்னுவேன். யாருக்கு மனசு ஆடுதோ அவ கண்ணை மூடிக்கட்டும்.”

சுண்டெலி கொண்டைக்கடலையும் கீரையும் போட்டுச் சமைத்தாள். டீச்சரம்மாவுக்காக வெண்ணெய் போடவில்லை. பந்திக்குச் சமைக்கிற மாதிரிதான் சமைத்தாள், ஆனால் இன்றைக்குப் பானையில் மிச்சம் இருக்காது என்று பார்த்தாலே தெரிந்தது. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றாள்.

“உங்க பேர் சொல்லுங்க.”

பீட்ரூட் தட்டை நீட்டி, முழுப் பேரையும் சொன்னாள், பிறந்த தேதியையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னாள். சோறு விழுந்தது, மேலே கடலை விழுந்தது. அவள் முதல் வாய் எடுக்கும் முன்பே டீச்சரம்மாவின் கை குறுக்கே வந்து அவள் தட்டில் நுழைந்தது.

“உன்னுதுல இருக்குறதுதானேடி என்னுதுலயும் இருக்கு?”

“ருசி பார்த்தேன்,” என்றாள் டீச்சரம்மா.

ஜன்னலுக்கு வெளியே மாப்பிள்ளை ஒருதரம் கத்திப் பார்த்தது. கீழேயிருந்து, “இங்க வந்து மீனைத் தின்னுடா!” என்று ஒரு குரல் வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, படிப்படியாக, மூச்சுவாங்க, அது இறங்கிப் போயிற்று.